இலங்கைக் கோட்டைகள்: மலையரண் முதல் விண்மீன் கொத்தளம் வரை – இளம் வாசகர்க்கான வரலாற்று விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இலங்கைத் தீவின் கரையோரங்களில் இன்று காணப்பெறும் கோட்டைகளுள் பெரும்பாலானவை போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டியவை. பள்ளிப் பாடநூல்களில் இவை கட்டிய நாட்டவர் பெயராலும் கைமாறிய ஆண்டாலும் மட்டுமே அறிமுகமாகின்றன. ஒரு கோட்டை ஏன் அந்த இடத்தில், அந்த வடிவில் எழுந்தது, அதற்கான கல் எங்கிருந்து வந்தது, மதிலின் உள்ளும் புறமும் இருந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது ஆகிய வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. தமிழ் இலக்கண, அற நூல்கள் கூறும் அரண் வகைமையைத் துணையாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அரண், கொத்தளம், முற்றுகை, யாழ்ப்பாணக் கோட்டை, காலிக் கோட்டை, திருகோணமலை, ஒல்லாந்தர்

முன்னுரை

கொழும்பில் தொடர்வண்டியில் வந்து இறங்கும் பயணி ஒருவர் 'கோட்டை' என்னும் பெயர்ப்பலகையைக் காண்கிறார். வெளியே வந்து எத்திசையில் நோக்கினாலும் மதிலோ அகழியோ கண்ணில் படுவதில்லை. வங்கிகளும் அலுவலகங்களும் உணவகங்களுமே நிறைந்துள்ளன. கோட்டை இருந்த இடத்தில் அதன் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. கொழும்பை அடுத்துள்ள கோட்டே என்னும் நகரின் பெயரும் இதே சொல்லிலிருந்து பிறந்ததே. நாட்டின் நாடாளுமன்றம் அந்நகரில்தான் அமைந்துள்ளது. ஒரு சொல் இரு மொழிகளிலும் இவ்வளவு ஆழமாக வேர்விட்டிருப்பதே, இத்தீவின் வரலாற்றில் கோட்டைகள் பெற்றிருந்த இடத்தைக் காட்டப் போதுமானது.

போர்த்துக்கேயரை இலங்கைத் தமிழர் பறங்கியர் என்றும், நெதர்லாந்து நாட்டவரை ஒல்லாந்தர் என்றும் வழங்குவர். தமிழகத்தில் டச்சுக்காரர் எனப்படுவோரும் இவர்களே. இக்கட்டுரையில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என்னும் வழக்குகளே கையாளப்படுகின்றன.

அரண் என்பது யாது?

மதில் கட்டியபின்தான் அரண் பிறக்கிறது என்று கருதுவது பொருந்தாது. திருக்குறளின் பொருட்பாலில் 'அரண்' என்றே ஓர் அதிகாரம் உள்ளது. நீர், வெட்டவெளி நிலம், மலை, நிழல் அடர்ந்த காடு ஆகிய நான்கையும் உடையதே அரண் என அவ்வதிகாரம் வரையறுக்கிறது. மதிலைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே வருகிறது. உயரம், அகலம், உறுதி, நெருங்க அரிதாயிருத்தல் என்பன மதிலின் இலக்கணமாகக் கூறப்படுகின்றன. காக்க வேண்டிய இடம் சிறிதாகவும் உள்ளிடம் பெரிதாகவும் இருத்தல் வேண்டும் என்றும், உள்ளிருப்போர்க்கு வேண்டிய உணவு நிறைந்திருத்தல் வேண்டும் என்றும் அவ்வதிகாரம் மேலும் சொல்கிறது. தொல்காப்பியம் கோட்டையை முற்றுதலையும் காத்தலையும் உழிஞைத் திணையில் வைத்துப் பேசுகிறது. காப்போர் பக்கத்தைப் பிற்கால இலக்கணிகள் நொச்சி எனத் தனியே பிரித்தனர்.

இந்நூல்கள் இலங்கையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை அல்ல. ஆயினும் அவை கூறும் நால்வகை அரணுக்கும் அத்தீவில் எடுத்துக்காட்டு உண்டு என்பது கருதத்தக்கது.

மலையரணுக்குச் சிகிரியா சான்றாகும். தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், தம்பி மொகல்லானன் படையுடன் திரும்பி வருவான் என்ற அச்சத்தால், சுமார் 180 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறையின் உச்சியில் அரண்மனை அமைத்தான். பாறையைச் சுற்றி அகழிகளும் மதில்களும் இருந்தன. கி.பி. 477 முதல் 495 வரை அவன் ஆண்டான். இதில் இளம் வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மொகல்லானன் படையுடன் வந்தபோது காசியப்பன் அப்பாறையில் தங்கவில்லை. கீழே இறங்கிச் சமவெளியில் போரிட்டான், அங்கேயே மாண்டான். பதினெட்டு ஆண்டுகள் பேணிய மலையரண் ஒருநாள் போரிலும் பயன்படவில்லை.

நீரும் சதுப்பும் சூழ்ந்த அரணுக்குக் கோட்டே சான்று. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் படைகளைத் தடுக்கும் பொருட்டு அழகக்கோனார் என்னும் அமைச்சர் தியவன்னா நீர்நிலையின் சதுப்பு நிலத்தில் இவ்வரணை எழுப்பினார். பின்னர் ஆறாம் பராக்கிரமபாகு காலத்தில் அது தலைநகராயிற்று.

காட்டரணுக்குக் கண்டி அரசு சான்று. கரையோரம் முழுவதும் அயலார் கைக்குப் போன பின்னரும் கண்டி 1815 வரை தனியரசாக நின்றது. அதற்குப் பெரிய கல்மதில் எதுவும் இல்லை. ஒற்றையடிப் பாதைகள், முள்வேலியிட்ட கடவைகள், காடு, மழை, காய்ச்சல் ஆகியனவே அதன் மதில்கள். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, 1630இல் மலைநாட்டிற்குள் படை நடத்திச் சென்று ரந்தெனிவெல என்னுமிடத்தில் படையோடு அழிந்தார். கல்லரண் கட்டத் தெரிந்தவர் காட்டரணுக்குள் மடிந்தார் என்பது தற்செயல் அன்று. கரையோரக் கோட்டை பீரங்கியின் துணையால் நிற்பது. மலைப்பாதையில் பீரங்கியை எளிதில் இழுத்துச் செல்ல இயலாது.

மதில் ஏன் தாழ்ந்தது, கோட்டை ஏன் விண்மீன் ஆயிற்று?

பழங்காலக் கோட்டை என்றதும் வானளாவிய மதிலே நினைவிற்கு வரும். ஏணி வைத்து ஏறும் பகைவனையும் அம்பு எய்யும் பகைவனையும் தடுக்க உயரமே துணை. பீரங்கி வந்தபின் இந்நிலை தலைகீழாயிற்று. உயர்ந்த மெல்லிய மதில், தொலைவிலிருந்தே குறிவைக்கத்தக்க இலக்காகிவிட்டது. இரும்புக் குண்டுகள் அடிப்பகுதியில் தொடர்ந்து மோதினால் அது தன் உயரத்தாலேயே சரிந்து விழும். ஆகவே ஐரோப்பியப் பொறியாளர்கள் மதிலைத் தாழ்த்தினர், அகலப்படுத்தினர். வெளியே கல், உள்ளே மண் என நிரப்பினர். குண்டு கல்லை உடைத்தாலும் மண்ணுக்குள் புதைந்து வேகம் இழக்கும்.

இரண்டாவது சிக்கல் மூலைகள் பற்றியது. ஒரு வட்டக் கோபுரத்தின் மேல் நிற்கும் காவலர் நேர் எதிரே உள்ளவற்றை எல்லாம் காண்பார். கோபுரத்தின் அடிவாரத்தில் ஒட்டி நிற்பவரை அவராலும் காண இயலாது. பக்கத்துக் கோபுரத்தில் நிற்பவராலும் காண இயலாது. அந்த மறைவிடத்தில் நின்றுதான் பகைவர் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைப்பர். கோபுரத்தை வட்டமாகக் கட்டாமல் அம்புமுனை வடிவில் வெளியே நீட்டினால் இம்மறைவிடம் இல்லாமற் போகும். ஒரு முனையின் ஒவ்வொரு பக்கத்தையும் அடுத்த முனையிலிருந்து சுட முடியும். இவ்வம்புமுனை மேடையே கொத்தளம் எனப்படுவது. ஐந்து கொத்தளங்களைத் தாளில் வரைந்து நேர்க்கோடுகளால் இணைத்துப் பார்க்கும் மாணவர், கோட்டை விண்மீன் வடிவம் பெற்ற காரணத்தைத் தாமே கண்டுகொள்வர். அழகு கருதி எழுந்த வடிவம் அன்று அது. குண்டு செல்லும் கோடுகள் வரைந்த வடிவம்.

யாழ்ப்பாணக் கோட்டை இதற்கு மிகச் சிறந்த சான்று. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பின், கடனீரேரிக் கரையில் ஏறத்தாழச் சதுர வடிவில் ஒரு கோட்டை கட்டினர். அற்புத மாதாவின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1658இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் புதிதாக அமைத்தனர். ஐந்து கொத்தளங்களுக்கும் தம் தாய்நாட்டு மாகாணங்களின் பெயர்களை இட்டனர்: சீலாந்து, ஒல்லாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், பிரீஸ்லாந்து. சுவருக்குக் கடலோரத்து முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் பயன்பட்டன. அகழிக்கு அப்பாலுள்ள புற அரண்கள் 1792இல்தான் நிறைவெய்தின. மூன்றே ஆண்டுகளில், 1795 செப்டெம்பரில், அதே கோட்டை ஒரு குண்டும் சுடாமல் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐரோப்பாவில் நெதர்லாந்து பிரெஞ்சுப் படைகளிடம் வீழ்ந்திருந்தது. இங்கிலாந்துக்குத் தப்பிச்சென்ற அதன் தலைவர், குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் விடும்படி மடல் எழுதியிருந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் செதுக்கிய கணக்கெல்லாம் ஒரு மடலுக்கு முன் வீணாயிற்று.

மாத்தறையில் உள்ள நட்சத்திரக் கோட்டை இவ்வடிவத்தின் மிகச் சிறிய எடுத்துக்காட்டு. ஆறு முனைகள் கொண்டது. 1761இல் உள்நாட்டு மக்கள் கிளர்ந்தெழுந்து மாத்தறையைக் கைப்பற்றியதன் பின், ஆற்றுக்கு மறுகரையில் இதை ஒல்லாந்தர் அவசரமாகக் கட்டினர். பீரங்கிக் கப்பல்களுக்கு அஞ்சிக் கடலை நோக்கி நிற்கும் பிற கோட்டைகளுக்கும், தம் ஆட்சிக்குட்பட்ட மக்களுக்கு அஞ்சி உள்நாட்டை நோக்கி நிற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூல்கள் சுட்டுவதில்லை.

கல் எங்கிருந்து வந்தது?

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையைத் தொட்டனர். 1518இல் கொழும்பில் முதற்கோட்டை எழுந்தது. 1560இல் மன்னார், 1588இல் காலி, 1620களில் யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என அவர்தம் கோட்டைகள் கரையைச் சுற்றி வளைத்தன. கறுவா, யானை, முத்து ஆகியவற்றின் வணிகமே இவ்வளையத்தின் நோக்கம். மன்னார் முத்துக்குளிப்பைக் காத்தது. காலியும் கொழும்பும் கறுவாவைக் காத்தன. வன்னிக் காட்டில் பிடிக்கப்பட்ட யானைகள் வடக்கே கொண்டுசெல்லப்பட்ட வழியே ஆனையிறவு. அப்பெயரே அவ்வணிகத்தின் நினைவாகும்.

கோட்டை கட்டக் கல் வேண்டும். கல்வெட்டிச் சுமந்து வருவது செலவு மிக்க பணி. செதுக்கிய கற்கள் அருகிலேயே அடுக்கப்பட்டு நின்றால் வேலை எளிது. அவ்வாறு நின்றவை கோயில்கள்.

திருகோணமலையில் கடலுக்குள் நீண்ட பாறை முனையில் திருக்கோணேச்சரம் இருந்தது. சம்பந்தர் பாடல் பெற்ற தலம் அது. 1620களில் டி சாவின் ஆணைப்படி அக்கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்களைக் கொண்டு அங்கேயே கோட்டை எழுந்தது. கோட்டை வாயிலின் தூணில் இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இன்றும் உள்ளன. குளக்கோட்டன் என்னும் மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர் அழிப்பர் என்னும் பொருளில் வழங்கும் தீர்க்கதரிசனப் பாடலோடு அறிஞர் இக்கல்வெட்டைத் தொடர்புபடுத்துவர். அது முன்னறிவிப்பா, நிகழ்ந்தபின் பொறித்த துயரக் குறிப்பா என்னும் விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இடிக்கப்பட்ட கோயிலின் கல் இடித்தவர் வாயிலில் நின்று தன் கதையைத் தானே சொல்லுகிறது என்பதே இங்கு முதன்மையானது.

யாழ்ப்பாணத்திலும் இதே நிலைதான். யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரில் இருந்த கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா இடிப்பித்தார். இறுதி மன்னன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். தலைநகர் நல்லூரிலிருந்து கடலோரத்திற்கு மாற்றப்பட்டது. கோயிற் கற்கள் கோட்டைக்குள் போயின என்பது யாழ்ப்பாண வரலாற்று மரபு. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுத் துண்டு ஒன்று கோட்டைக்குள்ளிருந்து கிடைத்துள்ளமை இம்மரபுக்கு வலுவூட்டுகிறது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் கோயிலுக்கு அளித்த கொடையைப் பொறித்த கல், பீரங்கி மதிலுக்குள் ஒரு கட்டடக் கல்லாகிப் போயிற்று.

கல்லைச் சுமந்தவர் யார் என்பதும் கேட்கத்தக்க வினாவே. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் 'ஊழியம்' என்றொரு முறை இருந்தது. குறித்த சமூகத்தினர் ஆண்டில் குறித்த நாட்கள் கூலியின்றிக் கம்பெனிக்கு உழைக்க வேண்டும். இயலாதவர் பணம் கட்ட வேண்டும். கோட்டைப் பணி அவ்வுழைப்பில் நடந்தது. கொழும்பில் கம்பெனியின் அடிமைகள் இரவில் நீரால் சூழப்பட்ட ஓரிடத்தில் அடைக்கப்பட்டனர். அவ்விடத்தை ஆங்கிலேயர் அடிமைத் தீவு என்னும் பொருளில் பெயரிட்டு அழைத்தனர். தமிழர் அதனைக் கொம்பனித்தெரு என்றனர். ஒரே இடத்திற்கு ஒரு மொழி அடிமையின் பெயரையும் மற்றொரு மொழி ஆண்டையின் பெயரையும் வைத்துக்கொண்டது வியப்புக்குரியது.

முற்றுகையும் தண்ணீரும்

கோட்டையைப் பீரங்கி வீழ்த்துவதைக் காட்டிலும் பசியும் தாகமும் வீழ்த்துவதே மிகுதி. இதனை இரு நிகழ்வுகள் தெளிவாக்கும்.

கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரை வெளியேற்ற ஒல்லாந்தரோடு 1638இல் உடன்படிக்கை செய்தான். மட்டக்களப்பு அவ்வாண்டே வீழ்ந்தது. 1639இல் திருகோணமலையும் 1640இல் காலியும் வீழ்ந்தன. 1655இல் கொழும்பு முற்றுகை தொடங்கியது. மாதக்கணக்கில் நீடித்த அம்முற்றுகையில் உள்ளே உணவு தீர்ந்தது. போரிட இயலாத உள்ளூர் மக்களைப் போர்த்துக்கேயர் வாயிலுக்கு வெளியே துரத்தினர். ஒல்லாந்தர் அவர்களை மீண்டும் மதிலை நோக்கித் தள்ளினர். மதிலுக்கும் முற்றுகைக்கும் நடுவே அம்மக்கள் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பெயரும் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. 1656 மே மாதத்தில் சரணடைந்து வெளியே வந்த வீரர் 73 பேர் மட்டுமே என்று அம்முற்றுகையில் இருந்த ரிபெய்ரோ என்னும் போர்த்துக்கேயப் படைவீரர் தம் நூலில் எழுதியுள்ளார். வென்ற கோட்டையை உடன்படிக்கைப்படி இராசசிங்கனிடம் ஒப்படைக்காமல் ஒல்லாந்தர் வாயிலை அடைத்துக்கொண்டனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனை இன்றும் கூறுவர்.

இரண்டாவது நிகழ்வு மிகச் சிறியது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலின் நடுவில் ஒரு சிறு கோட்டை நிற்கிறது. கடற்கோட்டை என்று ஊரார் அழைப்பர். ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். பன்றித் தொடையின் குதிகால் என்பது அதன் பொருள். இலங்கையின் வரைபடம் அவர் கண்ணுக்குப் பதப்படுத்திய பன்றித்தொடை போல் தோன்றியதே காரணம். யாழ்ப்பாணத்திற்குள் கப்பல் நுழையும் வாயிலை இக்கோட்டை காத்தது. நாற்புறமும் நீர் சூழ்ந்ததால் நெருங்குவது அரிது. நாற்புறமும் இருந்தது உப்பு நீர் என்பதே அதன் பலவீனமும் ஆயிற்று. 1658இல் ஒல்லாந்தர் முற்றியபோது உள்ளே இருந்த மரத்தாலான குடிநீர்த் தொட்டி குண்டுபட்டு உடைந்தது. அடுத்த சில நாட்களில் கோட்டை பணிந்தது. திருவள்ளுவர் வகுத்த நால்வகை அரணுள் நீர் முதலிடம் பெற்றதற்கு உரையாசிரியர் பலவாறு விளக்கம் தருவர். சூழ்ந்திருக்கும் நீர் ஒன்று, குடிக்கும் நீர் மற்றொன்று என்னும் வேறுபாட்டுக்கு இச்சிறு தீவைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. அதே ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையும் மூன்று மாத அளவிலான முற்றுகைக்குப் பின் வீழ்ந்தது.

விளையாட்டுத் திடல்களின் பிறப்பு

கோட்டைக்கு வெளியே, பீரங்கி சுடும் எல்லைக்குள், மரமோ வீடோ இருத்தல் ஆகாது. பகைவர் மறைந்து நெருங்க அவை இடம் தரும். ஆகவே ஒவ்வொரு கோட்டையைச் சுற்றியும் பரந்த வெட்டவெளி ஒன்று வலிந்து பேணப்பட்டது. குறள் கூறும் நிலவரணும் இதுவே.

கோட்டைகள் பயனிழந்த பின்னும் இவ்வெளிகள் நிலைத்தன. கொழும்பில் மாலை நேரத்தில் சிறுவர் பட்டம் விடும் காலிமுகத்திடல் ஒரு காலத்தில் பீரங்கிக்கெனத் திறந்து வைக்கப்பட்ட வெளியே. காலியில் பன்னாட்டுத் துடுப்பாட்டப் போட்டிகள் நடைபெறும் திடலும் கோட்டை வாயிலுக்கு முன்னிருந்த அத்தகைய வெளிதான். மதிலின் மேல் அமர்ந்து மக்கள் ஆட்டம் காண்பதைத் தொலைக்காட்சியில் பலர் கண்டிருப்பர். யாழ்ப்பாணத்தில் அவ்வெளிக்குப் பெயர் முற்றவெளி. பொதுக்கூட்டங்களும் விழாக்களும் நடைபெறும் இடமாக அது விளங்குகிறது.

கொழும்பின் மதில்களை ஆங்கிலேயர் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடித்து நகரை விரிவாக்கினர். காலி அவ்வாறு இடிபடவில்லை. 14 கொத்தளங்களும், கடலின் ஏற்றவற்றத்தால் கழிவு அகலும்படி நிலத்தடியில் அமைத்த வடிகால்களும், 1755ஆம் ஆண்டுத் தேவாலயமும், மக்கள் குடியிருக்கும் தெருக்களும் அதனுள் உள்ளன. பழைய வாயிலின் உட்புறத்தில் ஒல்லாந்தக் கம்பெனியின் சின்னம் 1669 என்னும் ஆண்டோடு காணப்படுகிறது. அதே வாயிலின் வெளிப்புறத்தில் ஆங்கிலேய அரசின் சின்னம் உள்ளது. 1988இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது மதிலுக்கு வெளியே இருந்த நகரும் துடுப்பாட்டத் திடலும் பேரழிவுக்குள்ளாயின. மதிலுக்குள் இருந்த குடியிருப்புகள் பெரும்பாலும் தப்பின. மனிதர் குண்டைத் தடுக்கக் கட்டிய மதில் கடலைத் தடுத்தது.

மீண்டும் போர்க்களமான கோட்டை

காலியின் வரலாறு இவ்வாறு அமைதியான மரபுரிமைச் சுற்றுலாவில் வந்து சேர, யாழ்ப்பாணக் கோட்டைக்கு வேறு விதி நேர்ந்தது. கோட்டைகள் பழம்பொருள்கள், பீரங்கியோடு அவற்றின் காலம் முடிந்தது என எழுதும் நூல்கள் இக்கோட்டையை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் அதனுள் அலுவலர் இல்லங்களும் சிறைச்சாலையும் இருந்தன. உள்நாட்டுப் போர்க்காலத்தில் அது மீண்டும் படைமுகாம் ஆயிற்று. 1990 ஜூன் முதல் செப்டெம்பர் வரை, உள்ளே இலங்கைப் படையினரும் வெளியே விடுதலைப் புலிகளுமாக ஒரு முழு முற்றுகை நடந்தது. 17ஆம் நூற்றாண்டின் அகழியும் கொத்தளமும் 20ஆம் நூற்றாண்டின் வான்குண்டுகளுக்கும் எறிகணைகளுக்கும் நடுவே தம் பழைய தொழிலைச் செய்தன. செப்டெம்பர் இறுதியில் படையினர் வெளியேறினர்.

அம்மாதங்களில் அதிகம் இழந்தவர் கோட்டையைச் சுற்றி வாழ்ந்த மக்களே. யாழ்ப்பாண மருத்துவமனை கோட்டைக்கு நடந்து செல்லும் தொலைவில்தான் உள்ளது. நகரின் கடைத்தெருவும் அதனருகிலேயே. ஒல்லாந்தப் பொறியாளர் வகுத்த பீரங்கி வெளியின் எல்லைக்கு அப்பால் மூன்று நூற்றாண்டுகளில் ஒரு நகரம் வளர்ந்திருந்தது. நவீன ஆயுதங்களுக்கு அவ்வெல்லை ஒரு பொருட்டன்று. கோட்டையின் நடுவே சிலுவை வடிவில் 1706இல் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயம் அழிந்தது. அதன்பின் மதிலின் பல பகுதிகளும் இடிக்கப்பட்டன. கோயிலை இடித்துக் கட்டிய கோட்டை இடிந்ததில் வருந்த என்ன உள்ளது என்று வினவுவோரும் உளர். தம் நகரின் அடையாளம் போயிற்று என்று வருந்துவோரும் உளர். இவ்விரு குரல்களையும் மாணவர்க்குக் கேட்கச் செய்தலே நேர்மையான வரலாற்றுக் கல்வி. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது எளிதாயினும், அக்கோட்டையின் கற்கள் அதற்கு இடம் தருவதில்லை.

மதிலுக்குக் கீழே

போர் முடிந்தபின் நெதர்லாந்தின் உதவியோடு யாழ்ப்பாணக் கோட்டையில் புனரமைப்புப் பணி தொடங்கியது. அதனையொட்டிப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் முதலியோர் கோட்டைக்குள் அகழாய்வு மேற்கொண்டனர். பின்னர் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக அறிஞரும் இணைந்தனர். ஒல்லாந்தர் மண்ணுக்கும் போர்த்துக்கேயர் மண்ணுக்கும் கீழே அவர்கள் கண்டவை, கோட்டையை விடப் பலநூறு ஆண்டுகள் மூத்தவை. சீனப் பீங்கான் துண்டுகளும், மேற்காசிய வணிகர் கொணர்ந்த மெருகிட்ட கலங்களின் உடைவுகளும் மேலடுக்குகளில் கிடைத்தன. அவற்றுக்கும் கீழே, அரிக்கமேட்டிலும் தமிழகக் கடற்கரை ஊர்கள் பலவற்றிலும் கிடைப்பதைப் போன்ற உருளைக்கோட்டு மட்கலத் துண்டுகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

கடனீரேரியின் அக்கரை முனை, போர்த்துக்கேயர் கண்டுபிடித்த இடமன்று. கோட்டை எழுவதற்கு நெடுங்காலம் முன்பே கலங்கள் வந்து தங்கிய துறை அது. அக்காலத்தில் அங்கு மதில் இருந்ததற்கான தடயம் எதுவும் இதுவரை வெளிப்படவில்லை. கிடைத்தவை எல்லாம் சமையற்கலங்களும் சேமிப்புச் சாடிகளும் உணவு பரிமாறும் தட்டங்களுமே.